வேண்டும் என்னும் சொல்: பொறியாளர் கூடுகையும் தமிழும்



பொறியாளர்கள் கூடும் அவையைப் பற்றி மொழி மன்றத்தில் பேசுவது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். இந்தச் சொற்பொழிவு வரிசையில் இலக்கணமும் இலக்கியமும் மொழிபெயர்ப்பும் பலமுறை பேசப்பட்டுள்ளன. இன்று நாம் முறைமைப் பொறியாளர்கள் தமக்குள் நடத்திக்கொள்ளும் உரைகளையும் கூடுகைகளையும் பொருளாக எடுத்துக்கொள்கிறோம். அக்கூடுகைகளில் நடப்பதில் பெரும்பகுதி மொழியாராய்ச்சியே என்பதையும், அத்தகைய கூடுகை தமிழில் நடைபெற்றால் பொறியாளருக்கும் தமிழுக்கும் என்ன கிட்டும் என்பதையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

முறைமை என்பது எது?

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 'சிஸ்டம்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ஒரே சொல் வழங்கவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நரம்பு மண்டலம் என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் நரம்புத் தொகுதி என்கின்றன. ஞாயிற்றையும் கோள்களையும் சேர்த்துச் சூரியக் குடும்பம் என்கிறோம். கணினித் துறையினர் அமைப்பு என்றும் முறைமை என்றும் எழுதுகின்றனர். இதனைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. மண்டலம் என்பது பரப்பைக் காட்டுகிறது. தொகுதி என்பது சேர்க்கையைக் காட்டுகிறது. குடும்பம் என்பது உறவைக் காட்டுகிறது. முறைமை என்பது ஒழுங்கைக் காட்டுகிறது. பல உறுப்புகள் சேர்ந்து, தமக்குள் உறவு கொண்டு, ஓர் ஒழுங்கில் இயங்கி, தனித்தனியே தர இயலாத பயனைத் தருமாயின் அதுவே முறைமை. இவ்வுரையில் அச்சொல்லையே ஆளுவோம்.

நாம் நாள்தோறும் பயன்படுத்தும் பெருவிரைவு ரயிலை எண்ணிப் பாருங்கள். 1987ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் சிங்கப்பூரில் அதன் முதற்பகுதி இயங்கத் தொடங்கியது. பெட்டிகளுக்கும் தண்டவாளத்துக்கும் மின்வழங்கலுக்கும் சமிக்ஞைக்கும் நடைமேடைக் கதவுக்கும் தனித்தனிப் பொறியாளர்கள் உள்ளனர். முறைமைப் பொறியாளரின் பொறுப்போ இவற்றுக்கு இடையில் இருக்கிறது. ஓர் உறுப்பு தரும் செய்தியை மற்றோர் உறுப்பு எவ்வாறு புரிந்துகொள்ளும் என்பதே அவர் ஓயாது கேட்கும் கேள்வி.

அக்கேள்வியின் முக்கியத்துவத்தை 2017ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் காலை ஜூ கூன் நிலையத்தில் கண்டோம். நின்றிருந்த ரயில்மீது பின்னால் வந்த ரயில் மோதியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். பழைய சமிக்ஞை முறையும் புதிய சமிக்ஞை முறையும் அருகருகே இயங்கிய காலம் அது. புதிய மென்பொருளுக்கு ஏற்ப மாற்றப்படாத ஒரு தடச்சுற்றை முன்சென்ற ரயில் கடந்தபோது, அதனைச் சூழ்ந்திருந்த பாதுகாப்பு வளையம் நீங்கிவிட்டது என்று பின்னர் அறிவிக்கப்பட்டது. பழையதும் புதியதும் சந்தித்த இடத்திலேயே பிழை நேர்ந்தது.

கூடிப் பேசும் தொழில்

இடைவெளியைக் காப்பதே தொழிலாக இருப்பதால், இப்பொறியாளர்கள் தனித்திருந்து தொழில் கற்க இயலாது. பலதுறையினரோடு கூடிப் பேசியே கற்க வேண்டியுள்ளது. 1990இல் அமெரிக்காவில் ஒரு தேசிய மன்றமாகத் தோன்றிய இவர்களது அமைப்பு, 1995இல் பன்னாட்டு மன்றமாகப் பெயர் மாற்றிக்கொண்டது. இன்கோசி என்று அதனைச் சுருக்கி அழைக்கின்றனர். பல நாடுகளில் அதற்குக் கிளைகள் உண்டு, சிங்கப்பூரிலும் உண்டு. ஆண்டுதோறும் பெருங்கருத்தரங்கு, இடையிடையே மாலைநேர உரைகள், பொருள்வாரியான பணிக்குழுக்கள், தகுதிச் சான்றிதழ்த் தேர்வுக்கான படிப்பு வட்டங்கள் என அதன் செயல்கள் விரிகின்றன.

அப்பணிக்குழுக்களுள் ஒன்று மொழியாசிரியர்களாகிய நம் கவனத்துக்கு உரியது. கருவி என்ன செய்ய வேண்டும் என்று உரைக்கும் வாக்கியங்களை எவ்வாறு எழுதுவது என்பதே அக்குழுவின் ஆய்வுப்பொருள். அதற்கென ஒரு வழிகாட்டி நூலையே அவர்கள் ஆக்கியுள்ளனர். ஐஎஸ்ஓ 29148 என்னும் பன்னாட்டுத் தரநூலும் இதனைப் பேசுகிறது. ஒரு வாக்கியம் கட்டாயத்தைக் குறிக்கிறதா, பரிந்துரையைக் குறிக்கிறதா, இசைவைக் குறிக்கிறதா என்பதை அதன் துணைவினையே காட்ட வேண்டும் என்று அந்நூல் வரையறுக்கிறது. துணைவினையைப் பற்றிப் பொறியாளர்கள் மாலை முழுதும் வாதிடுகின்றனர் என்றால், அது நம் இலக்கண வகுப்பின் மறுவடிவம் அன்றோ?

வாதிடுவதற்குக் காரணமும் உண்டு. 1998 டிசம்பரில் ஏவப்பட்ட செவ்வாய்த் தட்பவெப்ப ஆய்வுக்கலம் 1999 செப்டம்பர் 23ஆம் நாள் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனது. சிறு உந்திகளின் விளைவை ஒரு குழு பவுண்டு விசை அளவில் கணித்துத் தந்தது. அவ்வெண்களை மற்றொரு குழு நியூட்டன் அளவாகக் கொண்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 4.45 மடங்கு. மெட்ரிக் அளவையே பயன்படுத்த வேண்டும் என்னும் வாக்கியம் ஆவணத்தில் இருந்தது. எழுதிய வாக்கியம் நிறைவேற்றப்பட்டதா என்று எவரும் உரிய காலத்தில் சரிபார்க்கவில்லை. வாக்கியத்தை எழுதுவது பாதிப் பணி; அது மறுமுனையில் எவ்வாறு படிக்கப்பட்டது என்று கேட்டறிவது மறுபாதி.

ஒரு பிற்பகல்

இவற்றையெல்லாம் நாம் நூல்களில் மட்டும் படித்தறியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்ப் பொறியாளர்கள் சிலர், தங்கள் துறையைத் தமிழில் பேசிப் பார்க்க விரும்பி, ஓய்வுபெற்ற மொழியாசிரியர்களாகிய எங்கள் இருவரையும் அழைத்தனர். நூலகத்தின் ஒரு சிற்றறையில் சனிக்கிழமைப் பிற்பகலில் பதின்மூவர் கூடினோம். கலைச்சொற்பட்டியல் கேட்பார்கள் என்று எண்ணி, நாங்கள் நாற்பது சொற்களுடன் சென்றிருந்தோம். அப்பட்டியலை ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் வெண்பலகையில் ஒரு வாக்கியத்தை எழுதினர்:

'கதவுகள் மூடிய பிறகு ரயில் புறப்பட வேண்டும்.'

இதில் என்ன ஐயம் என்று நாங்கள் கேட்டோம். ஒருவர் விளக்கினார். கதவுகள் மூடியதும் ரயில் கட்டாயம் புறப்பட்டாக வேண்டும் என்பது ஒரு பொருள். கதவுகள் மூடும்வரை ரயில் புறப்படக் கூடாது என்பது மற்றொரு பொருள். முதற்பொருளில் இது ரயிலைச் செலுத்துகிறது. இரண்டாம் பொருளில் தடுக்கிறது. முன்னால் தடம் அடைபட்டிருக்கும்போது முதற்பொருளைக் கொண்டு ஒருவர் மென்பொருள் எழுதினால் என்னவாகும்? 'பிறகுதான்' என்று ஓரிடைச்சொல்லைச் சேர்த்தபோது பொருள் தடையின் பக்கம் சாய்ந்தது. 'கதவுகள் மூடும்வரை ரயில் புறப்படக் கூடாது' என்று எழுதியபோது ஐயம் முற்றிலும் நீங்கியது. இடைச்சொல்லின் ஆற்றலைப் பல்லாண்டு வகுப்பில் சொல்லிவந்த எங்களுக்கு, அது ஓர் இயந்திரத்தை நிறுத்தவும் வல்லது என்பது அன்றுதான் உறைத்தது.

அடுத்து 'எல்லாக் கதவுகளும் மூடவில்லை என்றால் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும்' என்னும் வாக்கியம் வந்தது. ஒரு கதவும் மூடாத நிலையா, சில கதவுகள் மூடாத நிலையா? முற்றும்மையும் எதிர்மறையும் ஒரே தொடரில் வரும்போது தமிழ் இரு பொருளுக்கும் இடம் தருகிறது. 'ஒரு கதவேனும் மூடாதிருந்தால்' என்று திருத்தினோம். பின்னர் 'ஓட்டுநர் கதவைத் திறக்க வேண்டாம்' என்பதை எடுத்தோம். அது விலக்கா, தேவையின்மையா? விலக்காயின் 'திறக்கக் கூடாது' என்றும், தேவையின்மையாயின் 'திறக்க வேண்டியதில்லை' என்றும் எழுதுவதென முடிவாயிற்று. 'கூடும்' என்பது நிகழ்வாய்ப்பைக் காட்ட, அதன் எதிர்மறையான 'கூடாது' விலக்கைக் காட்டுவதையும் கவனித்தோம். 'திறக்கலாம்' என்பதை இசைவுக்கும், 'திறக்க இயலும்' என்பதை ஆற்றலுக்கும், 'திறக்கக்கூடும்' என்பதை நிகழ்வாய்ப்புக்கும் உரியதாக ஒதுக்கினோம். அவ்வாறு ஒதுக்கிக்கொள்ள வேண்டிய வடிவங்கள் அனைத்தும் தமிழில் ஆயத்தமாக இருந்தன. புதிய சொல் ஒன்றுகூட அன்று ஆக்கப்படவில்லை.

வேண்டும் என்பதன் இரு முகங்கள்

அன்று நிகழ்ந்த உரையாடலுள் நம் நினைவில் ஆழப் பதிந்தது இனி வருவது. முறைமைப் பொறியாளர்கள் தேவை வேறு, நிபந்தனை வேறு என்பர். மாந்தர் விரும்புவது தேவை. அத்தேவையை நிறைவேற்றக் கருவிமீது விதிக்கப்படுவது நிபந்தனை. ஆங்கிலத்தில் இவற்றுக்கு வெவ்வேறு சொற்களைப் பேணுகின்றனர். தமிழில் இரண்டுக்கும் 'வேண்டும்' என்றே வருகிறதே, குழப்பம் நேராதா என்று ஒருவர் கேட்டார்.

இரு வாக்கியங்களை எழுதிக் காட்டினோம். 'பயணிக்கு விரைவாகச் செல்ல வேண்டும்.' 'பயணி விரைவாகச் செல்ல வேண்டும்.' வினைமுற்று ஒன்றே. நான்காம் வேற்றுமை உருபு வந்தால் அது விருப்பம். எழுவாய் வந்தால் அது கடமை. 'எனக்குப் போக வேண்டும்' என்பதற்கும் 'நான் போக வேண்டும்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்க் குழந்தை பள்ளிக்கு வருமுன்பே அறிந்திருக்கிறது. சொல்லில் காட்டாத வேறுபாட்டைத் தமிழ் வேற்றுமையில் காட்டுகிறது.

சிங்கப்பூர்ச் சாலையில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 'முதியவருக்கு அச்சமின்றிச் சாலையைக் கடக்க வேண்டும்' என்பது தேவை. 2009இல் தொடங்கிய பச்சை மனிதன் பிளஸ் திட்டத்தில், முதியவர் தம் அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு, கடக்குமிடத்தின் அகலத்துக்கு ஏற்பக் கூடுதலாக 3 முதல் 13 நொடிகள் எரிகிறது. அதற்குரிய நிபந்தனை 'சமிக்ஞை பச்சை நேரத்தை நீட்டிக்க வேண்டும்' என்பது போல் அமையும். விளக்கு நீட்டித்ததா என்று அளந்து பார்ப்பது ஒரு சோதனை. முதியவரின் அச்சம் நீங்கியதா என்று கேட்பது வேறொரு சோதனை. முதலாவதைச் சரிபார்த்தல் என்றும், இரண்டாவதை ஏற்புறுதி என்றும் அன்று பெயரிட்டோம். சரிபார்த்தல் எழுவாய் வாக்கியத்தை நோக்கியது. ஏற்புறுதி நான்காம் வேற்றுமை வாக்கியத்துக்குத் திரும்பிச் செல்வது. முதற்சோதனையில் வென்று இரண்டாவதில் தோற்கும் கருவிகள் உலகில் ஏராளம் என்று பொறியாளர்கள் சிரித்துக்கொண்டே கூறினர்.

இன்னொன்றையும் அவர்களே கண்டுபிடித்தனர். இரு நிறுவனங்கள் கூடும் கூட்டத்தில் 'சரிபார்ப்போம்' என்று ஆங்கிலத்தில் ஒருவர் சொன்னால், அதைச் செய்யப்போவது யார் என்பது தெளிவாகாமல் போவதுண்டு. தமிழில் 'நாங்கள் சரிபார்ப்போம்' என்றால் கேட்பவருக்குப் பொறுப்பில்லை. 'நாம் சரிபார்ப்போம்' என்றால் அவருக்கும் உண்டு. 'சரிபார்க்கப்படும்' என்று எழுதிவிட்டாலோ, எவருக்கும் பொறுப்பில்லை. செயப்பாட்டு வினையை அளவுக்கு மீறிக் கையாளும் நம் அலுவல்நடைக்கு இது ஒரு நல்ல எச்சரிக்கை.

நன்னூலும் நிபந்தனையும்

இவற்றைக் கேட்கும் தமிழாசிரியர்களுக்கு 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தியாரின் நன்னூல் நினைவுக்கு வந்திருக்கும். ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அதன் பாயிரம் தொகுத்துரைக்கிறது. கூற வேண்டியதைக் குறைத்துக் கூறுவது 'குன்றக் கூறல்'. முன்னுக்குப்பின் முரண்படுவது 'மாறுகொளக் கூறல்'. இதுவோ அதுவோ என்று ஐயுறுமாறு எழுதுவது 'மயங்க வைத்தல்'. நல்ல நிபந்தனை நிறைவுடையதாக, முரணற்றதாக, ஐயத்துக்கு இடந்தராததாக இருக்க வேண்டும் என்று தரநூல் கூறுவதோடு இவை பெரிதும் ஒத்துள்ளன.

ஆயினும் நம் முன்னோர் இதனை அன்றே கண்டனர் என்று கூறி அமைதியுறுவது முறையாகாது. தரநூல் வேண்டும் பண்புகளுள் நன்னூலில் இல்லாதனவும் உள்ளன. ஒரு வாக்கியம் ஒரே நிபந்தனையைக் கூற வேண்டும் என்பது ஒன்று. அந்நிபந்தனை நிறைவேறியதா என்பதைச் சோதித்தறிய இயல வேண்டும் என்பது மற்றொன்று. 'ரயில் இனிதாக ஓட வேண்டும்' என்பது பிழையற்ற தமிழ். ஆனால் சோதிக்க இயலாத தமிழ். நம் மரபு தந்த உரைகல்லும் வேண்டும். புதிய துறை கேட்கும் உரைகல்லும் வேண்டும். இரண்டையும் ஒருசேரப் பயன்படுத்தும் இடம் ஒன்று இல்லாமையே நம் குறை.

நாம் இழந்தது, மீட்கத்தக்கது

அவ்விடம் ஏன் இல்லாமற் போயிற்று என்பது நாம் அறிந்ததே. உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டதோடு, சிங்கப்பூரில் அறிவியலையும் கணக்கையும் தமிழ்வழி உயர்நிலையில் கற்கும் வழி முடிவுற்றது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலத்தை முதன்மொழியாகக் கொண்டன. அதற்குரிய பொருளியற் காரணங்களை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதன் பின்விளைவாக, தமிழ் பாடமாக நிற்கிறது. இல்லத்திலும் கோயிலிலும் மேடையிலும் நிற்கிறது. தொழிலின் வாயிலில் நின்றுவிடுகிறது. நம் மொழி விழாக்களுக்குப் பொறியாளர்கள் வருகின்றனர், கவிதை கேட்கின்றனர், பட்டிமன்றத்தில் சிரிக்கின்றனர். அவர்களது தொழிலைத் தமிழில் கூறுமாறு நாம் கேட்பதில்லை.

அன்றைய பிற்பகலின் முடிவில் ஒருவர் கூறியதை இங்குக் குறிப்பிட வேண்டும். இருபது ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கிறார். அவருடைய தாயார் அவருடனேயே வசிக்கிறார்; தமிழ் மட்டுமே அறிந்தவர். மகன் என்ன வேலை செய்கிறான் என்று உறவினர் கேட்டால், 'கம்ப்யூட்டரில் ஏதோ' என்றுதான் அந்த அம்மையார் சொல்வாராம். அவர் சரியாகச் சொல்லத்தக்க ஒரு வாக்கியத்தைத் தாம் இதுவரை அவருக்குத் தந்ததில்லை என்று கூறிய அப்பொறியாளர், கதவு பற்றிய வாக்கியத்தைத் தாளில் எழுதி எடுத்துச் சென்றார். அடுத்த கூடுகையில் முதலில் பேசியவர் அவரே. வாக்கியத்தைக் கேட்ட தாயார், 'கதவு திரும்பத் திறந்துகொண்டால்?' என்று கேட்டாராம். அக்கேள்விக்கு விடையளிக்க நாங்கள் ஒருமணி நேரத்துக்கு மேல் செலவிட்டோம். மூடிய கதவு மீண்டும் திறக்கும் நிலையை எங்கள் திருத்திய வாக்கியமும் சொல்லாமல் விட்டிருந்தது. குன்றக் கூறலைக் கண்டறிந்தவர் பொறியியல் அறியாத ஒரு தாய். தமிழில் பேசியதால் மட்டுமே அவர் அந்த ஆய்வில் பங்குகொள்ள முடிந்தது.

தமிழில் பொறியாளர் கூடுவது நடவாத ஒன்று எனக் கருத வேண்டா. 1997இல் நா. கோவிந்தசாமி முன்னின்று சிங்கப்பூரில் நடத்திய தமிழ் இணைய மாநாட்டை நம்முள் மூத்தோர் அறிவர். 1999இல் சென்னையில் அடுத்த மாநாடு கூடியது. தமிழ்99 விசைப்பலகை அதன் விளைவுகளுள் ஒன்று. 2000இல் மீண்டும் சிங்கப்பூரில் கூடியபோது உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவாயிற்று. 2001இல் கோலாலம்பூர் அம்மாநாட்டை ஏற்றது. விசைப்பலகை, எழுத்துக்குறியீடு, எழுத்துரு, மென்பொருள் ஆகிய உறுப்புகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ளச் செய்வதே அவர்களது பணியாக இருந்தது. அதுவும் ஒரு முறைமைப் பொறியியலே. இன்று மாணவர்கள் கைப்பேசியில் தடையின்றித் தமிழ் எழுதுவதில் அக்கூடுகைகளின் உழைப்பும் கலந்துள்ளது.

செய்யத்தக்கன

நிறைவாக, செய்வதற்கு எளிய சிலவற்றை முன்வைக்கிறோம். முதலாவது, இருமாதத்துக்கு ஒருமுறை நூலக அறையொன்றில் பொறியாளர் ஒருவர் இருபது நிமிடம் தமிழில் பேசட்டும். முறைமைப் பொறியியலின் பெருமையைப் பேச வேண்டா. ஒரு மின்தூக்கி, ஒரு சாலைச் சந்திப்பு, ஒரு சலவைப்பொறி எனத் தாம் அறிந்த ஒரு பொருளைப் பேசட்டும். இரண்டாவது, ஆங்கிலச் சொல் வாயில் வந்தால் தடுக்க வேண்டா. உரை முடிந்தபின் அச்சொற்களைப் பலகையில் எழுதி, பேசியவரும் கேட்டவரும் சேர்ந்து தமிழ்ச்சொல் தேடுவோம். பயன்பாட்டுக்கு முன் பிறக்கும் கலைச்சொல் பட்டியலிலேயே உறங்கிவிடும் என்பதற்கு நாங்கள் எடுத்துச் சென்ற நாற்பது சொற்களே சான்று.

மூன்றாவது ஆசிரியர்களுக்கு உரியது. துணைவினையையும் வேற்றுமையையும் கற்பிக்கும்போது, பள்ளி மின்தூக்கிக்கு ஐந்து நிபந்தனைகள் எழுதச் சொல்லுங்கள். ஒரு குழு எழுதியதை மற்றொரு குழு வேண்டுமென்றே தவறாகப் புரிந்துகொள்ள முயலட்டும். எந்த வாக்கியம் அம்முயற்சியைத் தாங்கி நிற்கிறதோ அதுவே நல்ல வாக்கியம். நான்காவது மாணவர்களுக்கு. உங்கள் வீட்டில் பொறியாளர் இருப்பின், இன்று அலுவலகத்தில் என்ன செய்தீர்கள் என்று தமிழில் கேளுங்கள். அவர் தடுமாறினால் பொறுத்திருங்கள். அத்தடுமாற்றத்திலிருந்துதான் மொழிக்குப் புதிய நடை பிறக்கும்.

தமிழுக்குப் புதுத்துறைகளில் இடம் வேண்டும் என்று மேடைதோறும் கூறிவருகிறோம். அது நான்காம் வேற்றுமை வாக்கியம், விருப்பத்தைக் கூறுவது. அவ்விருப்பம் நிறைவேற எழுவாயுள்ள வாக்கியம் ஒன்று தேவை. நாம் தமிழில் கூடிப் பேச வேண்டும். இங்கு 'நாம்' என்பதில் இந்த அவையில் அமர்ந்திருக்கும் அனைவரும் அடக்கம்.